ரோபோவை லீவுக்குப் பூட்டும் முன்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எனக்குப் பேட்டரிக் கடை. இன்வெர்ட்டர், யூபிஎஸ், ஆட்டோ, பைக் இவைதான் பிழைப்பு. பள்ளிக்கூடங்களில் டிங்கரிங் லேப் வந்த பிறகு சக்கரம் வைத்த ரோபோக்களும் கடைக்கு வரத் தொடங்கின. கூடவே பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகள். ரோபோ ரிப்பேர் என்று போர்டு மாட்டிய கடை எந்தத் தெருவில் இருக்கிறது? உள்ளே பேட்டரி இருக்கிறதல்லவா, அண்ணாச்சியிடம் கொண்டு போ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடுதான் வரத்து அதிகம். எல்லோரும் சொல்வது ஒரே வாசகம்: "லீவுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சு அண்ணாச்சி, அப்புறம் யாரும் தொடவே இல்ல." நோயே அதுதான். ஓடி ஓடித் தேய்ந்து வந்த ரோபோவைப் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் சும்மா கிடந்து கெட்டுப்போனவைதான். ஏப்ரல் கடைசியில் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அக்னி நட்சத்திரம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிறது. பேட்டரி இணைப்பிலேயே இருக்கிறது. சுவிட்சை அணைத்தோமா என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் ரோபோவை ஓட்டுவதைவிட, ஓடாத நாளில் அதை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

எந்த மாதிரி ரோபோ என்றும் சொல்லிவிடுகிறேன். பின்னால் கியர் மோட்டார் பூட்டிய இரண்டு சக்கரம், முன்னால் ஒரு காஸ்டர் உருளை, நடுவில் 12 வோல்ட் பேட்டரி, மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் ஒரு மோட்டார் டிரைவர், புரோகிராம் ஓடும் ஒரு ஆர்டுயினோ போர்டு, மூக்கில் ஒலியை அனுப்பித் தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுவதும், சுவரில் மோதாமல் விலகிப் போவதும் இந்த ஜாதிதான். சாமான் சுமந்து வராந்தாவில் போகிற பெரிய வண்டிக்கும் கணக்கு இதேதான், ஆம்பியர் மட்டும் கூடும்.

எந்த பேட்டரி என்று முதலில் தெரியட்டும்

கையில் எடுத்தால் 2 கிலோ அளவுக்குக் கனக்கும் பெட்டி, மேலே 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சு இருந்தால் அது சீல்டு லெட் ஆசிட். யூபிஎஸ்ஸுக்குள் இருப்பதும் இதுதான். பிளாஸ்டிக் உறை சுற்றிய, கட்டைவிரல் தடிமனான உருளைகள் என்றால் லித்தியம் அயான். 18650 என்று பிள்ளைகள் சொல்வது அந்த உருளையின் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மூன்றைத் தொடராகக் கோத்தால் 11.1 வோல்ட். தட்டையாக, வெள்ளிப் பை மாதிரி இருந்தால் லித்தியம் பாலிமர். நான்காவதாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட். நான்கு செல் கோத்து 12.8 வோல்ட் என்று போட்டிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் சார்ஜரை மாட்டுவதுதான் முதல் கோளாறு. எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரி என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள், எல்லாவற்றிலும் சார்ஜர் மாட்டும் பின்னும் ஒரே மாதிரி. ஆனால் முழுச் சார்ஜ் ஒவ்வொன்றுக்கும் வேறு. மூன்று செல் லித்தியம் அயானுக்கு 12.6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். நான்கு செல் பாஸ்பேட்டுக்கு 14.6. லெட் ஆசிட்டை அடிக்கடி ஓட்டிச் சார்ஜ் ஏற்றுவதானால் 14.4 முதல் 15 வரை, சும்மா மாட்டியே வைப்பதானால் 13.5 முதல் 13.8 வரை. லெட் ஆசிட்டின் பெட்டியிலேயே இந்த இரண்டு எண்ணும், அதிகபட்ச சார்ஜ் கரண்ட்டும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். 7 ஏஹெச் பேட்டரிக்கு அது பெரும்பாலும் 2.1 ஆம்பியர். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியம் அயானில் மாட்டினால் பாதுகாப்பு போர்டு தடுத்தால் தப்பித்தது. தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஒரே நிறத்தில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். லெட் ஆசிட்டுக்குச் சிவப்பு, லித்தியம் அயானுக்கு நீலம், பாஸ்பேட்டுக்கு வேறொரு நிறம். இங்கிலீஷ் படிக்காத வாட்ச்மேன் அண்ணன்கூடத் தப்பு பண்ண மாட்டார்.

18650 வாங்கும்போது ஒரு விஷயம். மேலே 9800 எம்ஏஹெச் (1000 எம்ஏஹெச் ஒரு ஏஹெச்) என்று அச்சிட்ட செல்லைப் பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கி வருகிறார்கள். அந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகளே சுமார் 3500 எம்ஏஹெச்சுக்கு மேல் அடைக்க முடிவதில்லை. 9800 என்று போட்டவன் மற்ற எதிலும் உண்மை சொல்லியிருக்க மாட்டான்.

சார்ஜ் ஏற்றும் இடமும் நேரமும்

ஓட்டி முடித்த சூட்டோடு மாட்டாதீர்கள். தொட்டால் வெதுவெதுப்பு போகும் வரை அரை மணி நேரமாவது கிடக்கட்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாதம் பாளையங்கோட்டை வெயில் நிழலிலேயே 40ஐ நெருங்குகிறது, மொட்டை மாடி அறைக்குள் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் காலையில் சார்ஜ் ஏற்றுங்கள். ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கப் போகிற பழக்கம் வேண்டாம்.

தரை சிமெண்ட்டாக, டைல்ஸாக இருக்கட்டும். ஒரு பள்ளியில் பத்தமடைக் கோரைப் பாயை விரித்து, அதன் மேல் நாலு லித்தியம் பேக்கை வரிசையாக வைத்துச் சார்ஜ் போட்டிருந்தார்கள். பாய் அருமையான பாய்தான், அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் ஒரு மணல் வாளி வையுங்கள். பேக் உப்பினாலோ, இனிப்பு கலந்த ஒரு மருந்து வாசனை வந்தாலோ, சீறினாலோ, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கக் கூடாது.

கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் சார்ஜரைப் பிடுங்கிவிடுவது நல்லது. போன கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியில்தான் மலிவு சார்ஜர்கள் உயிரை விடுகின்றன.

லெட் ஆசிட்டை ஒருநாளும் காலியாக விட்டு வைக்கக் கூடாது. ஓட்டிய அன்றே ஏற்றிவிட வேண்டும். காலியாகக் கிடந்தால் உள்ளே தகட்டின் மேல் லெட் சல்பேட் படிகம் கட்டி இறுகிவிடும், பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் கரையாது. லித்தியம் இதற்கு நேர் எதிர். முழுக்க ஏற்றி வைத்தால்தான் அதற்குச் சிரமம், அதிலும் சூட்டில். மறுநாள் போட்டி என்றால் மட்டும் முந்தின நாள் முழுசாக ஏற்றுங்கள்.

பேட்டரி குறைந்ததும் தானே சார்ஜரைத் தேடிப் போகிற ரோபோ செய்யலாமா என்று போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள். செய்யலாம் அம்மா, புதுசும் இல்லை. இங்கிலாந்தில் கிரே வால்டர் என்பவர் 1940களின் கடைசியிலேயே ஆமை மாதிரி, மூன்று சக்கரம் வைத்த ரோபோ இரண்டு செய்து, எல்மர், எல்சி என்று பெயர் வைத்தார். சார்ஜ் இறங்கியதும் விளக்கு எரியும் கூண்டைப் பார்த்து அவை தாமாகவே போய்ச் சேர்ந்தன. கம்ப்யூட்டர் இல்லை, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு வால்வுதான்.

பல்பு சோதனை

கடையில் நான் ரோபோவைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். "புரோகிராம்ல ஏதோ பிழை போல அண்ணாச்சி, மோட்டார் கிளம்புனதும் போர்டு ரீசெட் ஆவுது" என்பார்கள். "ஏல மக்கா, மொதல்ல பேட்டரிய அள, அப்புறம் புரோகிராம பாப்போம்" என்பேன். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. களைத்த பேட்டரியில் அந்த நொடி வோல்ட்டேஜ் குழியில் விழும், போர்டு அணைந்து திரும்ப எழும். புரோகிராம் பாவம், அதற்கு ஒன்றும் இல்லை.

மல்டிமீட்டரை வெறுமனே வைத்து 12.7 காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செத்த பேட்டரியும் சுமை இல்லாதபோது 12.7 காட்டும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆட்டோ, பைக்கில் போடும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும், ஸ்பேர் கடையில் சில்லறைக் காசு. ஹோல்டரில் மாட்டி இரண்டு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும்.

பேட்டரியை முழுசாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். சார்ஜர் கழன்ற உடனே அளந்தால் மேலோட்டமான ஒரு பொய் வோல்ட்டேஜ் இருக்கும். அப்புறம் மீட்டரை வைத்துக்கொண்டே பல்பை மாட்டுங்கள். நல்ல லெட் ஆசிட் 12.8லிருந்து 12.4, 12.5 என்று இறங்கி அங்கேயே நிற்கும். பல்பு மாட்டியதுமே 11.5க்குக் கீழே சறுக்கினால், உள்ளே ஒரு செல் போய்விட்டது அல்லது சல்பேட் கட்டிவிட்டது. சறுக்காமல் நின்றால் பல்பை எரியவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் 10.5ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். 7 ஏஹெச் புது பேட்டரியில் சுமார் 3 மணி நேரம் எரியும். ஒன்றரை மணிக்குள் அணைகிற பேட்டரியை ரோபோவில் வைக்காதீர்கள். எமர்ஜென்சி லைட்டுக்கு வேண்டுமானால் கொஞ்ச காலம் ஆகும்.

7 ஏஹெச் என்றால் 7 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓடும் என்று பாடப் புத்தகக் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் 20 மணி நேரத்தில் பைய இறக்கும் கணக்கு, அதாவது 0.35 ஆம்பியர். 7 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் வராது, அரை மணியைத் தாண்டினாலே சந்தோஷப்படுங்கள்.

மூன்று செல் லித்தியத்துக்கும் இதே பல்புதான், ஆனால் 10 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள். முடிந்ததும், செல்லுக்குச் செல் தனி வயர் வரும் சின்ன பேலன்ஸ் பிளக்கில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளங்கள். மூன்றும் 0.05 வோல்ட்டுக்குள் ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் 0.1க்கு மேல் பின்தங்கினால் அதுதான் நோஞ்சான், மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மீண்டும் சார்ஜ் ஏற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். பாஸ்பேட் பேட்டரியில் ஒரு சிக்கல்: பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். அதை எரியவிட்டு நேரம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வயரும் மூட்டும்

பேட்டரி பிழைத்துவிட்டது, ரோபோ இன்னும் திணறுகிறது என்றால் அடுத்தது மூட்டு. ஒரு மூட்டில் அரை ஓம் தடை இருந்தால் போதும். 3 ஆம்பியர் போகும்போது 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும், நாலரை வாட் சூடாக மாறும். ரோபோவைக் கட்டையில் தூக்கி வைத்து, ஒருவர் சக்கரத்தைக் கையால் லேசாக அழுத்திப் பிடிக்க, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையிலும் மறு முள்ளை டிரைவர் போர்டின் அதே நிற முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2, 0.3 என்று காட்டினால் வழியில் எங்கோ திருடன் இருக்கிறான். ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். பெரும்பாலும் சுவிட்ச், இல்லாவிட்டால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்திலிருந்து வரும் ரோபோக்களில் வயர் நுனியில் பச்சை பூத்திருக்கும். கடல் காற்று. மேலே தேய்த்தால் போகிற மாதிரி தெரியும், ஆனால் பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்திருக்கும். அந்த வயரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேட்டு வாங்குவது நல்லது. மூட்டைப் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டால் காற்று புகாது.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு விரல் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். வண்டியில் போடும் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் சின்ன ரோபோவுக்குத் தாராளம். கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் ஃபியூஸ் இல்லாமல்தான் வருகின்றன. கேட்டால், கிட்டில் தரவில்லை என்கிறார்கள்.

டிரைவர் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு நிறத்தில், கறுப்புச் சீப்பு மாதிரி ஹீட் சிங்க்கோடு இருக்கிறதே, எல்298என், அது 1 ஆம்பியரிலேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். அது சுடுவது கோளாறு அல்ல, சுபாவம். ஹீட் சிங்க்கின் இடுக்கில் தூசி அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 12 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் அதிலுள்ள 5 வோல்ட் ஜம்பரை (இரண்டு பின்னை இணைக்கும் சின்ன மூடி) கழற்றிவிட்டு ஆர்டுயினோவுக்குத் தனி வழி கொடுங்கள். மாஸ்ஃபெட் வகை டிரைவருக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் பாதி குறையும்.

சக்கரமும் அச்சும்

பெண்கள் பள்ளி ரோபோ வந்தால் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள அந்த இடுக்கில் முடி, அதோடு பூ கட்டிய வாழைநார். தரையில் விழுந்த பிச்சிப்பூச் சரத்தின் நார் நனைந்து சுற்றி, காய்ந்து, கயிறு மாதிரி இறுகிவிடுகிறது. இழுத்தால் வராது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தையல் பிரிக்கும் கொக்கியால் அச்சுக்கு இணையாக ஒரே கீறு கீறினால் வளையமாகக் கழன்று வரும். பிளேடு வைத்துக் குறுக்கே அறுக்காதீர்கள், கியர் பெட்டியின் வாயில் உள்ள புஷ்ஷில் வெட்டு விழும். காஸ்டர் உருளையிலும் இதே கதை. உருளை சுற்றாமல் இழுபட்டால் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். விரலால் உருட்டிப் பாருங்கள், தட்டை இருந்தால் கையில் தட்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் நம்ம ஊரில் ஜன்னலை மூடினாலும் புழுதி உள்ளே வரும். தேரி மண் பக்கம் என்றால் செம்மணல் மாவு மாதிரி எதிலும் புகும். கியரில் கிரீஸும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்கு. திறந்த கியருக்குக் கிரீஸை அள்ளிப் பூசாதீர்கள். பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, பல்லுக்குப் பல் ஒரு ஈரப்பசை அளவு போதும். மஞ்சள் பிளாஸ்டிக் பிஓ மோட்டாருக்கு சிலிகான் கிரீஸ், இரும்பு கியர் உள்ள ஜான்சன் மோட்டாருக்கு லித்தியம் கிரீஸ். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வழிந்து மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷுக்குப் போய்ச் சேரும், அங்கே கரித்தூளோடு குழைந்து தார் மாதிரி ஆகும்.

சக்கரம் மோட்டார் தண்டில் நழுவுகிறது என்றால், தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பதைத் தேடுங்கள். சக்கரத்தைத் தண்டோடு பிடிக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல் உட்கார வேண்டும், வளைவின் மேல் அல்ல. சரியான அளவு ஆலன் கீயால் முறுக்கி, கழலாமல் இருக்க நீல நிற திரெட் லாக்கர் ஒரு சொட்டு. சிவப்பு போட்டால் பிறகு நீங்களே கழற்ற முடியாது.

இடது மோட்டாரையும் வலது மோட்டாரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. சக்கரம் அந்தரத்தில் இருக்க, ஒவ்வொன்றாக நேராகப் பேட்டரியில் மாட்டி, இழுக்கும் கரண்ட்டை அளங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாக இழுத்தால் கியரில் அடைப்பு. கூட்டியும் குறைத்தும் துள்ளினால் பிரஷ் முடியப் போகிறது. மலிவு மோட்டாரில் பிரஷ் மாற்ற உட்காராதீர்கள், மோட்டாரையே மாற்றிவிடுங்கள். ஆனால் ஜோடியாக மாற்றுங்கள்.

சென்சாருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடு பார்க்கும் ஐஆர் கண்ணைக் காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அல்ட்ராசோனிக்கின் இரண்டு உருளைக்குள் ஈரம் விடக் கூடாது, மெல்லிய பிரஷ் போதும். ஒரு தடவை அந்த அல்ட்ராசோனிக் கண்ணில் குளவி கூடு கட்டிய ரோபோ ஒன்று சேரன்மாதேவியிலிருந்து வந்தது. எதிரே சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிச் சுற்றியது. வாத்தியார் அதற்குள் போர்டு, வயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தார், கண்ணைத் தவிர.

நேராகப் போகிறதா

65 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 204 மில்லிமீட்டர் போகும். விட்டத்தில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் 10 மீட்டர் ஓட்டத்தில், சக்கரச் சுற்றை எண்ணிப் போடும் தூரக் கணக்கு சுமார் 15 சென்டிமீட்டர் பிசகும். ஒரு சக்கரம் மட்டும் அப்படித் தேய்ந்தால் இன்னும் மோசம்: இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் 4 டிகிரிக்கு மேல் ரோபோ திரும்பிக்கொண்டே போகும். அதனால் மாதம் ஒரு தடவை சக்கரத்தின் விட்டத்தை வெர்னியரில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

சக்கரத்தை அளக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைன், ஃபெங் என்ற இருவர் 1990களில் வகுத்தது. 4 மீட்டர் பக்கம் கொண்ட ஒரு சதுரத்தில் ரோபோவை ஓட்டி, கிளம்பிய இடத்துக்கு எவ்வளவு தள்ளி வந்து நிற்கிறது என்று அளப்பார்கள். வலம் ஐந்து தடவை, இடம் ஐந்து தடவை. ஏன் இரண்டு பக்கமும் என்றால், சக்கரம் சமமில்லாத பிழையும் இரண்டு சக்கரத்தின் இடைவெளியைப் புரோகிராமில் தப்பாகக் கொடுத்த பிழையும் ஒரு பக்கம் ஓடும்போது ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். மறுபக்கம் ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும். பள்ளி வராந்தாவில் 4 மீட்டர் அகலம் எங்கே இருக்கிறது என்பீர்கள். 2 மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டாலும் நோய் தெரியும். ஓட்டும் முன் டயரை ஈரத் துணியால் துடையுங்கள், புழுதி பட்ட ரப்பர் வழுக்கும்.

லீவுக்குப் பூட்டும் அன்று

இனிதான் நான் சொல்ல வந்தது.

பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. பல ரோபோக்களில் சுவிட்ச் மோட்டாரை மட்டும்தான் வெட்டும், ஆர்டுயினோ உள்ளே விழித்தபடியே இருக்கும். ஆர்டுயினோவில் யூனோ என்ற போர்டு ஒரு வேலையும் செய்யாமல் ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். 7 ஏஹெச் பேட்டரியை 140 மணி நேரத்தில், அதாவது லீவு விட்ட ஒரு வாரத்துக்குள், முடித்துவிடும். 2000 எம்ஏஹெச் லித்தியம் என்றால் இரண்டு நாள்கூடத் தாங்காது. மீதி லீவு முழுக்க அது காலியாகச் சூட்டில் கிடக்கும். ஜூன் மாத வரத்தில் பெரும் பங்கு இதுதான்.

கழற்றிய லெட் ஆசிட்டை முழுசாக ஏற்றி வையுங்கள். காற்று புகாத டப்பாவில் அடைக்காதீர்கள், அதிலிருந்து கொஞ்சம் வாயு வெளிவரும். லித்தியம் அயானையும் பாலிமரையும் பாதியில் வையுங்கள், செல்லுக்கு 3.8 வோல்ட், மூன்று செல்லுக்கு 11.4. நல்ல சார்ஜர்களில் ஸ்டோரேஜ் என்று ஒரு பொத்தானே இருக்கும். சந்திரயான்-3இல் போன பிரக்யான் ரோவரை முழுச் சார்ஜில்தானே இஸ்ரோ தூங்க வைத்தது என்று ஒரு பையன் மடக்கினான். ராக்கெட் என்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரி நம்ம மாவட்டத்திலேயே இருப்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ கதை எல்லாம் மனப்பாடம். உண்மைதான், 2023 செப்டம்பர் 2ஆம் தேதி பிரக்யானைத் தூங்க வைத்தபோது பேட்டரி முழுசாகத்தான் இருந்தது. அதற்கு எதிரே இருந்தது நிலாவின் இரண்டு வார உறைபனி இரவு. உன் ரோபோவுக்கு எதிரே இருப்பது சித்திரை, வைகாசி வெயில். அது வேறு, இது வேறு.

எங்கே வைப்பது? மேல் தளம் வேண்டாம், மேற்குச் சுவர் அலமாரி வேண்டாம். லெட் ஆசிட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும், தானாகச் சார்ஜ் இறங்கும் வேகமும் இரட்டிக்கும். கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கமாக ஒரு அறை, தரையோடு ஒட்டாமல் ஒரு பலகை மேல். பழைய ஓட்டு வீட்டின் தார்சா மாதிரி குளிர்ந்த இடம் கிடைத்தால் பேட்டரிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வெளியே எடுக்கும்போது வேர்த்து ஈரம் கோக்கும், வேண்டாம்.

ரோபோவின் உடம்பைக் கட்டை வைத்துத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் வையுங்கள். பாரத்தோடு மாதக்கணக்கில் நின்றால் ரப்பர் டயர் ஒரு பக்கம் அமுங்கிவிடும். மேலே பழைய வேட்டித் துணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பல்லி முட்டையும் எறும்பும் இருட்டு இடுக்கைத் தேடி வரும். வைக்கும் முன் உள்ளே இருக்கும் மிட்டாய்த் தாளை எடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இருக்கும்.

லீவு நடுவில் ஒரு நாள் யாராவது வந்து பேட்டரியை அளக்க வேண்டும். லெட் ஆசிட் 12.5க்குக் கீழே வந்திருந்தால் ஒரு தடவை ஏற்றிவிடுங்கள். லித்தியம் அயான், பாலிமர் செல் 3.6க்குக் கீழே வந்திருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். சம்பளம் இல்லாத நாளில் யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. பக்கத்து வீட்டு மாணவன் ஒருவன் கையில் பேட்டரியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், சைக்கிள் மிதித்து அவனே கடைக்கு வந்து அளந்துகொண்டு போவான்.

ஜூனில் திறக்கும்போது உடனே பேட்டரியை மாட்டிச் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா பாருங்கள். பேட்டரியைத் தனியாக ஏற்றி, பல்பு மாட்டிப் பாருங்கள். அதன் பிறகு கட்டை மேலேயே சக்கரத்தை ஓடவிடுங்கள். எல்லாம் சரி என்றால் கீழே இறக்குங்கள்.

தண்ணீரில் முங்கினால்

2023 டிசம்பர் 17, 18ஆம் தேதி மழைக்குப் பிறகு தாமிரபரணி ஊருக்குள் வந்து போனது எல்லோருக்கும் தெரியும். சேறு அடைத்த இன்வெர்ட்டர்களுக்கு நடுவே ரோபோக்களும் வந்தன. காப்பாற்ற முடிந்தவற்றில் எல்லாம் ஒரு ஒற்றுமை: யாரும் சுவிட்ச் போட்டுப் பார்க்காமல் கொண்டு வந்தவை. ஓடுகிறதா பார்ப்போம் என்று போட்டவை போர்டோடு போயின.

நனைந்ததும் பேட்டரியைப் பிடுங்குங்கள். சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியாக போர்டுகளை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹால் தடவி, நிழலில் காற்றாடக் காய வையுங்கள், அவசரப்படாமல் நாலைந்து நாள். மோட்டாரைக் கியர் பெட்டியிலிருந்து பிரித்துக் காய வைக்க வேண்டும், உள்ளே தண்ணீர் நிற்கும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் கியர் முறுக்கிக்கொள்ளும். லெட் ஆசிட்டை மேலே கழுவித் துடைத்து அளந்து பார்க்கலாம், பெரும்பாலும் தப்பித்துவிடும். வெள்ளத்தில் முங்கிய லித்தியம் பேக்கை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்து நன்றாக இருப்பது போலத் தெரியும், சார்ஜ் போட்டபின் நாள் கழித்துக்கூடப் பற்றும். வீட்டுக்கு வெளியே, எதுவும் பற்றாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

உப்பிய பேக்கைக் குத்திக் காற்றை இறக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய லெட் ஆசிட்டுக்கு எந்த பேட்டரிக் கடையிலும் எடைக்குக் காசு உண்டு, புதிது வாங்கும்போது கழித்துக்கொள்வோம். லித்தியத்துக்குக் காசு வராது, அதனால்தான் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. 2022ஆம் வருஷத்து பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள்தான் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு, குப்பையில் போடக் கூடாது. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துக் கொண்டு வாருங்கள், சேர்த்து அனுப்பிவிடுகிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம். சாயங்காலம் கடையில் ஆட்டோக்காரர்கள் கூட்டம் இருக்கும், காலை பத்து மணி வாக்கில் வந்தால் நின்று பார்த்துக்கொண்டே பேசலாம்.